ஹோகா: பேர்ல் துறைமுகத்தின் இழுவைக் கப்பல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1941 டிசம்பர் 7 அன்று ஹவாய்த் தீவுகளில் உள்ள பேர்ல் துறைமுகம் ஜப்பானால் தாக்கப்பட்ட வரலாற்றைப் படித்தவர்களுக்கு அரிசோனா, நெவாடா ஆகிய போர்க்கப்பல்களின் பெயர்கள் நன்கு தெரிந்திருக்கும். எரியும் எண்ணெய்க்கு நடுவே புகுந்து அத்தகைய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் தண்ணீர் பீய்ச்சியும் பணிசெய்த சிறு கலங்களைப் பற்றிப் பெரும்பாலான நூல்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்றான ஹோகாவைப் பற்றிப் பலரும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

ஹோகா என்பது எத்தகைய கலம்?

ஹோகா அமெரிக்கக் கடற்படையின் துறைமுக இழுவைக் கப்பல். நம் துறைமுகங்களில் வேலை செய்பவர்கள் ‘டக்’ என்று சொல்லும் கலம்தான் அது. நியூயார்க் நகரின் மாரிஸ் ஹைட்ஸ் பகுதியில் இருந்த கன்சாலிடேட்டட் கப்பல் கட்டும் நிறுவனம் 1940 ஜூலை 25 அன்று இதன் அடிமரத்தை இட்டது. அந்த ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று கலம் நீரில் இறக்கப்பட்டது. 1941 மே 22 அன்று பணியில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 100 அடி நீளமும் 26 அடி அகலமும் கொண்ட இக்கலத்தின் எடை சுமார் 325 டன். இதில் பத்துப் பன்னிரண்டு பேர் பணியாற்றினார்கள்.

‘ஹோகா’ என்ற பெயரின் பொருள் என்ன?

வட அமெரிக்கப் பழங்குடியினரான சூ மக்களின் மொழியில் அதற்கு ‘மீன்’ என்று பொருள். துறைமுக இழுவைக் கப்பல்களுக்குப் பழங்குடிப் பெயர்களைச் சூட்டுவது அமெரிக்கக் கடற்படையின் வழக்கமாக இருந்தது. ஹோகாவோடு ஒரே வகையில் கட்டப்பட்டு, தாக்குதல் நாளில் பேர்ல் துறைமுகத்திலேயே இருந்த நோகோமிஸ் என்ற கலமும் அவ்வாறு பெயர் பெற்றதே.

ஒரு கடற்படைத் துறைமுகத்துக்கு இழுவைக் கப்பல்கள் எதற்காகத் தேவைப்பட்டன?

பெரிய கப்பல் ஒன்று சுக்கானைக் கொண்டு திரும்புவதற்குச் சுக்கானைக் கடந்து தண்ணீர் வேகமாக ஓட வேண்டும். துறைமுகத்துக்குள் கப்பல் மெல்ல நகரும்போது அந்த ஓட்டம் இருப்பதில்லை என்பதால், திறந்த கடலில் எளிதாகத் திரும்பும் கப்பல் துறைமுகத்துக்குள் வந்ததும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கட்டுப்பட்டு, தன் விருப்பப்படி நகர முடியாத பெருஞ்சுமையாகிவிடுகிறது. அப்போது அதன் பக்கவாட்டில் மூக்கைப் பதித்துத் தள்ளவும், வடம் கட்டி இழுக்கவும், துறைமேடையில் இடிக்காமல் தடுத்து நிறுத்தவும் சிறிய, ஆனால் வலுமிக்க கலங்கள் வேண்டும்.

நெவாடா போன்ற பெரும்போர்க்கப்பல் வழக்கமாகத் தன் இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் நான்கு இழுவைக் கப்பல்கள் உதவிக்கு வரவேண்டும் என்பது அந்நாளைய நடைமுறை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், டிசம்பர் 7 அன்று நெவாடா எந்த இழுவைக் கப்பலின் துணையும் இல்லாமல் கிளம்பியது எத்தனை பெரிய செயல் என்பதும், அதன் பிறகு இழுவைக் கப்பல்கள் ஏன் அவசரமாகத் தேவைப்பட்டன என்பதும் விளங்கும்.

கப்பல்களை நகர்த்துவதோடு வேலை முடிந்துவிடவில்லை. சரக்குத் தோணிகளை இடம் மாற்றுவதும், துறைமுகத்தில் தீப்பிடித்தால் நீர்ப்பீரங்கிகளோடு ஓடிச்சென்று அணைப்பதும் இவற்றின் அன்றாடக் கடமைகளாக இருந்தன.

ஹோகாவின் இயந்திர அமைப்பில் தனித்தன்மை ஏதேனும் உண்டா?

உண்டு. ஹோகாவின் டீசல் இயந்திரங்கள் நேரடியாகச் சுழல்விசிறியைச் சுழற்றுவதில்லை. அவை மின்னாக்கிகளை இயக்கும். அந்த மின்சாரம் ஒரு மோட்டாரை இயக்கும். அந்த மோட்டார்தான் கப்பலின் ஒரே சுழல்விசிறியைச் சுழற்றும். நேராகச் செய்யக்கூடிய வேலையை ஏன் இப்படிச் சுற்றிவளைத்துச் செய்ய வேண்டும் என்று தோன்றலாம். இழுவைக் கப்பல் ஒரு மணி நேரத்துக்குள் எண்ணற்ற முறை முன்னோக்கியும் பின்னோக்கியும் மாறி மாறி இயங்க வேண்டும். அசையாத பெருங்கப்பலை அசைக்கும்போது மிகக் குறைந்த வேகத்திலேயே முழு வலுவையும் காட்ட வேண்டும். மின் மோட்டார் இவ்விரண்டையும் எளிதாகச் செய்யும். அதோடு, உந்துவிசையைக் கலத்தலைவர் மிக நுணுக்கமாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். எரியும் கப்பலின் அருகே நிற்கும்போது அந்த நுணுக்கம் உயிர்களைக் காக்கக்கூடியது என்பதை டிசம்பர் 7 நிகழ்ச்சிகள் காட்டின.

நியூயார்க்கில் கட்டப்பட்ட துறைமுகக் கலம் ஹவாய்க்கு எப்படிச் சென்றது?

பனாமாக் கால்வாயைக் கடந்து, கலிபோர்னியக் கரையோரத் துறைமுகங்களைத் தொட்டு, அங்கிருந்து பசிபிக் பெருங்கடலின் குறுக்கே சென்றது. துறைமுகத்துக்குள் வேலை செய்வதற்கென்று கட்டப்பட்ட கலத்துக்கு அது நெடும்பயணம். பேர்ல் துறைமுகத்துக்கு வந்தபின் கடற்படைப் பணிமனையின் சிறு கலங்கள் நிற்கும் துறையில், உலர்துறைகளுக்கு அருகே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. பெரும்போர்க்கப்பல்கள் வரிசையாக நின்ற இடம் அங்கிருந்து நீரின் குறுக்கே எதிர்ப்புறம்தான்.

தாக்குதல் தொடங்கியபோது ஹோகா என்ன செய்தது?

ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இரண்டு அலைகளாகப் புறப்பட்ட 353 ஜப்பானிய விமானங்களில் முதல் அலை, ஞாயிற்றுக்கிழமை காலை 7.55 மணியளவில் துறைமுகத்தின் மீது பாய்ந்தது. ஹோகாவின் தலைவராக இருந்தவர் ஜோசப் மக்மேனஸ். அவர் அதிகாரி நிலையில் உள்ளவர் அல்லர். மாலுமிகளாகச் சேர்ந்து அனுபவத்தால் உயர்ந்தவர்கள் பெறும் தலைமை மாலுமி நிலையில் இருந்தவர். தாக்குதல் தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே கலம் துறையை விட்டுக் கிளம்பிவிட்டது. நீரில் தத்தளித்த இருவரைத் தூக்கி ஏற்றிக்கொண்ட பிறகு, அது அரிசோனா எரிந்துகொண்டிருந்த திசையை நோக்கிச் சென்றது.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய கப்பல்களின் பணியாளர்கள் அப்போது தங்கள் பீரங்கிகளுக்கு ஓடினார்கள். அவர்களைச் சுற்றி எஃகுக் கவசம் இருந்தது. ஹோகாவில் இருந்தவர்களுக்கு அத்தகைய கவசம் எதுவும் இல்லை. அவர்கள் செய்ய வேண்டிய வேலை தீயும் வெடிமருந்தும் மிகுந்த இடத்துக்கு அருகே சென்றால்தான் நடக்கும்.

வெஸ்டல் என்ற கப்பலை ஹோகா மீட்டது எப்படி?

வெஸ்டல் ஒரு செப்பனிடும் கப்பல். அரிசோனாவில் சில வேலைகளைச் செய்வதற்காக அதன் இடப்பக்கத்தை ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. காலை 8.10 மணிக்குச் சற்று முன்பின்னாக, அரிசோனாவின் மேல்தளத்தைத் துளைத்துச் சென்ற குண்டு ஒன்றினால் முன்பக்க வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. அந்த ஒரு கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்தார்கள். அந்த வெடிப்பின் வேகம் வெஸ்டலின் தலைவர் காசின் யங்கையும் அவருடைய ஆட்கள் பலரையும் கடலுக்குள் தூக்கியெறிந்தது. எண்ணெய் பூத்த நீரில் நீந்தி அவர் மீண்டும் தம் கப்பலில் ஏறினார்; கப்பலைக் கைவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தவர்களைத் தடுத்து நிறுத்தி, அரிசோனாவோடு பிணைத்திருந்த வடங்களை வெட்டச் சொன்னார்.

வெஸ்டலின் மீது ஏற்கெனவே இரண்டு குண்டுகள் விழுந்திருந்தன. சுக்கானும் வேலை செய்யவில்லை. வடங்களை வெட்டினாலும் எரியும் அரிசோனாவின் பக்கத்திலிருந்து தானாக விலக முடியாத நிலை. அப்போதுதான் ஹோகா வந்து, நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் அதன் முன்பகுதியை இழுத்து அரிசோனாவிலிருந்து விலக்கியது. அதன் பிறகு வெஸ்டல் தன் இயந்திரத்தின் வலுவில் மெல்ல நகர்ந்து, மூழ்கிவிடாமல் இருப்பதற்காக ஐயேயா கரையின் ஆழமற்ற நீரில் வேண்டுமென்றே தரைதட்டி நின்றது. இந்தச் செயலுக்காகக் காசின் யங்குக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. 1942-இல் குவாடல்கனால் கடற்போரில் அவர் உயிரிழந்தார். செப்பனிடப்பட்ட வெஸ்டல் போர் முடியும் வரை எண்ணற்ற கப்பல்களைச் செப்பனிட்டது.

ஒக்லாலா மூழ்கியதே, அதில் ஹோகாவின் பணி என்ன?

ஒக்லாலா கடற்கண்ணிகளை விதைக்கும் கப்பல். 1,010 அடி நீளம் உடையது என்பதால் ‘பத்துப் பத்து’ என்று பெயர்பெற்ற துறைமேடையில் ஹெலீனா என்ற போர்க்கப்பல் கட்டப்பட்டிருந்தது. ஹெலீனாவுக்கு வெளிப்புறமாக ஒக்லாலா நின்றது. ஜப்பானிய விமானம் ஒன்று வீசிய டார்பிடோ, அதாவது நீருக்குள் பாய்ந்து சென்று வெடிக்கும் குண்டு, ஒக்லாலாவின் அடியில் புகுந்து சென்று ஹெலீனாவைத் தாக்கியது. அந்த வெடிப்பின் அழுத்தத்தில் ஒக்லாலாவின் பக்கத் தகடுகள் பிளந்து நீர் புகுந்தது. அது இருந்த இடத்திலேயே கவிழ்ந்தால் ஹெலீனா துறைமேடைக்கும் கவிழ்ந்த கப்பலுக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். எனவே ஹோகாவும் மற்றோர் இழுவைக் கப்பலும் சேர்ந்து அதனை ஹெலீனாவின் பின்புறத்துக்கு நகர்த்தித் துறைமேடையில் கட்டின. காலை பத்து மணியளவில் அது கவிழ்ந்தது. ஆனால் ஹெலீனா தப்பியது.

இழுவைக் கப்பலின் வேலையைப் பற்றி யோசிக்கும்போது இந்த நிகழ்ச்சியைத்தான் நான் முதலில் எண்ணுவேன். மூழ்கப்போகும் கப்பலைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தபின், அது எங்கே மூழ்க வேண்டும் என்பதையாவது தீர்மானிப்பதும் ஒரு மீட்புப் பணியே. ஒக்லாலாவும் பின்னர் தூக்கி நிறுத்தப்பட்டு மீண்டும் பணிக்கு வந்தது.

நெவாடாவைக் காப்பாற்றியது ஹோகா என்று சொல்வது சரியா?

பாதி சரி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெரும்போர்க்கப்பல்களின் வரிசையில் அரிசோனாவுக்குப் பின்னால் நெவாடா தனியாக நின்றது. அதன் தலைவர் அப்போது கரையில் இருந்தார். கப்பலில் இருந்த அதிகாரிகளுள் மூத்தவரான பிரான்சிஸ் தாமஸ், ஒரு டார்பிடோவைத் தாங்கியிருந்த அக்கப்பலைக் கிளப்பிக் கடலுக்குக் கொண்டுசெல்ல முடிவு செய்தார். கொதிகலன்களில் நீராவி சேர்வதற்கு வழக்கமாக இரண்டரை மணி நேரம் ஆகும். நல்வாய்ப்பாக இரண்டு கொதிகலன்கள் முன்பே சூடேற்றப்பட்டிருந்தன. தலைமை மாலுமி எட்வின் ஹில் கரையிலிருந்த பிணைப்பு வடங்களை அவிழ்த்துவிட்டு, நகரத் தொடங்கிய கப்பலுக்கு நீந்தித் திரும்பினார். அன்று தன் இடத்திலிருந்து கிளம்பிய பெரும்போர்க்கப்பல் நெவாடா ஒன்றே.

அது துறைமுக வாயை நோக்கி நகர்வதைக் கண்ட இரண்டாம் அலை விமானங்கள் அதன்மேல் குவிந்தன. பேர்ல் துறைமுகத்துக்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இருந்தது ஒரே குறுகிய கால்வாய். பெரிய கப்பல் ஒன்று அதில் மூழ்கினால், தப்பிய கப்பல்கள் உள்ளேயே அடைபட்டிருக்கும். வெளியில் இருந்தவை உள்ளே வர முடியாமல் போயிருக்கும். எனவே கால்வாய்க்குள் செல்ல வேண்டாம் என்று கரையிலிருந்து சைகை தரப்பட்டது. குண்டுகளைத் தாங்கித் தீப்பற்றிய நிலையில் நெவாடா மருத்துவமனை முனை என்ற இடத்தில் கரையோரம் தரைதட்டியது. நங்கூரத்தை இறக்கும் பணியில் ஈடுபட்டிருந்த எட்வின் ஹில் அங்கே குண்டுவீச்சில் இறந்தார். அவருக்கும் உயர்ந்த வீரப்பதக்கம் அளிக்கப்பட்டது.

ஆகவே, நெவாடா கால்வாயை அடைக்காமல் காத்ததில் முதற்பங்கு அதனைச் செலுத்தியவர்களுக்கே உரியது. ஆயினும் ஆபத்து அத்தோடு நீங்கிவிடவில்லை. கப்பல் கால்வாயின் ஓரத்தில்தான் நின்றது, நீர் ஏறிக்கொண்டிருந்தது, தீ பரவிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் கப்பலில் இருந்த அதிகாரிகளுள் மூத்தவரான கடற்படைத் தளபதி வில்லியம் ஃபர்லாங், ஒக்லாலாவை நகர்த்தி முடித்திருந்த இழுவைக் கப்பல்களை நெவாடாவிடம் அனுப்பினார். ஹோகா அதன் முன்பகுதியில் தன்னைக் கட்டிக்கொண்டு நீர்ப்பீரங்கிகளால் தீயை எதிர்த்தது. நெவாடாவை அங்கிருந்து விடுவித்துக் கால்வாயின் மேற்குப் பக்கத்தில் உள்ள வைப்பியோ முனைக்குக் கொண்டுசென்று, யாருக்கும் தடையில்லாத இடத்தில் கரைசேர்த்தது இழுவைக் கப்பல்களின் வேலை. ஏறத்தாழ 29,000 டன் எடையுள்ள கப்பலை 325 டன் கலம் நகர்த்திய காட்சி அது.

எனவே ‘ஹோகா தனியாக நெவாடாவைக் காப்பாற்றியது’ என்ற வாக்கியத்தை நான் எழுத மாட்டேன். துறைமுகத்தின் வழி அடைபடாமல் இருந்ததற்கு ஹோகாவும் அதனோடு உழைத்த மற்ற இழுவைக் கப்பல்களும் இன்றியமையாத காரணம் என்று எழுதுவேன். அதுவே அந்தக் கலத்துக்குப் போதிய பெருமை.

தீயணைப்புப் பணி எத்தனை நாள் நீடித்தது?

நெவாடாவை விட்டு வந்தபின் ஹோகா பெரும்போர்க்கப்பல்களின் வரிசைக்குத் திரும்பியது. மேரிலாண்ட், டென்னசி ஆகியவற்றின் அருகிலும் பின்னர் அரிசோனாவிலும் தீயோடு போராடியது. அரிசோனாவில் அதன் பணி ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து செவ்வாய்க்கிழமை, அதாவது டிசம்பர் 9, பிற்பகல் ஒரு மணி வரை இடைவிடாமல் தொடர்ந்தது.

அது எத்தகைய தீ என்பதைச் சொல்ல வேண்டும். அரிசோனாவின் தொட்டிகளிலிருந்து கசிந்த எரியெண்ணெய் நீரின்மேல் பரவி எரிந்தது. எண்ணெயின்மேல் எரியும் தீ வெறும் தண்ணீருக்கு எளிதில் அடங்காது. நீரின் வேகத்தால் அதனைத் தள்ளி ஒதுக்கலாம், சூடேறிய இரும்பைக் குளிர்விக்கலாம், பக்கத்துக் கப்பலுக்குப் பரவாமல் தடுக்கலாம். அரிசோனாவுக்கு முன்னால் நின்ற டென்னசி, துறைத்தூணுக்கும் மூழ்கிய வெஸ்ட் வர்ஜீனியாவுக்கும் இடையே சிக்கி நகர முடியாமல் இருந்தது. எரியும் எண்ணெய் தன்னிடம் வராமல் தள்ளுவதற்காக அது தன் சுழல்விசிறிகளை ஓட்டிக்கொண்டேயிருந்தது. அவ்வளவு செய்தும் அரிசோனா இரண்டரை நாட்கள் எரிந்தது.

அந்த வாரத்தின் எஞ்சிய நாட்களில் ஹோகா துறைமுகத்தைச் சுற்றி வந்து மிதந்த சிதைவுகளை அகற்றியது. இறந்தவர்களின் உடல்களைத் தேடி எடுத்தது. அன்றைய தாக்குதலில் மொத்தம் 2,403 அமெரிக்கர்கள் உயிரிழந்தார்கள். அந்தத் தேடுதலைப் பற்றி ஆவணங்கள் மிகக் குறைவான சொற்களில் பேசுகின்றன. அதற்கு மேல் சொல்ல எவருக்கும் மனம் வந்திருக்காது என்றே கருதுகிறேன்.

ஹோகாவுக்குப் பாராட்டு ஏதேனும் கிடைத்ததா?

கிடைத்தது. பசிபிக் கடற்படையின் தலைமைத் தளபதியாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த செஸ்டர் நிமிட்ஸ், 1942 பிப்ரவரியில் ஹோகாவின் தலைவருக்கும் பணியாளர்களுக்கும் பாராட்டுரை வழங்கினார். உடன் இருந்த வேறோர் இழுவைக் கப்பல் செயலிழந்தபோது அதன் சுமையையும் தம் சுமையோடு சேர்த்து ஏற்றுக்கொண்டதும், எதிரி விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்தபோதே பெரிய கப்பல் ஒன்றை நகர்த்திக் கரைசேர்த்துத் தீயணைத்ததும் அந்தப் பாராட்டுரையில் எடுத்துச் சொல்லப்பட்டன.

துறைமுகத்தில் இருந்த மற்ற இழுவைக் கப்பல்களின் கதி என்ன?

அன்றைய கதையின் தொடக்கத்திலேயே ஓர் இழுவைக் கப்பல் வருகிறது. விடியற்காலையில் அன்டாரஸ் என்ற கப்பல் இழுத்துவந்த தோணியைப் பெற்றுக்கொள்வதற்காகக் கியோசான்குவா என்ற இழுவைக் கப்பல் துறைமுக வாய்க்கு வந்திருந்தது. அன்டாரஸைத் தொடர்ந்து உள்ளே நுழைய முயன்ற ஜப்பானியச் சிறு நீர்மூழ்கியைத்தான் வார்ட் என்ற கப்பல் 6.45 மணியளவில் சுட்டு மூழ்கடித்தது. சொடோயோமோ என்ற பழைய இழுவைக் கப்பல் செப்பனிடுவதற்காக மிதக்கும் உலர்துறையில் ஷா என்ற நாசகாரிக் கப்பலோடு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ஷா வெடித்தபோது அந்த உலர்துறையோடு சொடோயோமோவும் மூழ்கியது. பின்னர் அதை மீட்டெடுத்தார்கள்.

போர் முடியும் வரை ஹோகா எங்கே இருந்தது?

பேர்ல் துறைமுகத்திலேயே இருந்தது. மூழ்கிய கப்பல்களைத் தூக்கும் பணி மாதக்கணக்கில் நடந்த துறைமுகத்தில், பசிபிக் போருக்குச் செல்லும் கப்பல்களும் அடிபட்டுத் திரும்பும் கப்பல்களும் ஓயாமல் வந்துபோயின. அவற்றை நிறுத்துவதும் கிளப்புவதும் தீக்குக் காவல் இருப்பதுமாக அதன் நாட்கள் கழிந்தன. நெவாடாவை 1942 பிப்ரவரி 12 அன்று மிதக்கவிட்டார்கள். அது செப்பனிடப்பட்டு 1944-இல் நார்மண்டிக் கரையிலும் 1945-இல் இவோ ஜிமா, ஒக்கினாவா ஆகிய தீவுகளிலும் பீரங்கி முழக்கியது. அந்த இடங்களில் எதையும் ஹோகா காணவில்லை. 1944 மே மாதம் பெரிய துறைமுக இழுவைக் கப்பல் என்ற வகைக்கு அதனைக் கடற்படை மாற்றியது. பெயரும் வேலையும் மாறவில்லை.

கடற்படைக் கலம் தீயணைப்புக் கலமானது எப்படி?

போருக்குப் பின் கலிபோர்னியாவில் உள்ள ஓக்லாந்து நகரத்துக்குத் துறைமுகத் தீயணைப்புக் கலம் ஒன்று தேவைப்பட்டது. கடற்படை 1948-இல் ஹோகாவை அந்நகரத்துக்குக் குத்தகையாக வழங்கியது. கூடுதலான பம்புகளும் நீர்ப்பீரங்கிகளும் பொருத்தப்பட்டு, ‘போர்ட் ஆஃப் ஓக்லாந்து’ என்றும் பின்னர் ‘சிட்டி ஆஃப் ஓக்லாந்து’ என்றும் பெயர் சூட்டப்பட்டது. தற்செயலாக அதே 1948-இல்தான் நெவாடாவை ஹவாய்க்கு அருகே கடலில் பயிற்சி இலக்காக வைத்து மூழ்கடித்தார்கள்.

ஓக்லாந்தில் ஹோகா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தது. எரியும் சரக்குக் கப்பல்களையும் துறைமேடைகளையும் அணைத்தது. 1980-இல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்ததும் இதில் ஏறித்தான். ஒரு கலத்தின் பணிக்காலத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தால், ஹோகா கடற்படையில் இருந்ததைவிடத் தீயணைப்புத் துறையில் இருந்ததே பல மடங்கு அதிகம். டிசம்பர் 7-ஐ மட்டும் சொல்லி இந்த நாற்பது ஆண்டுகளை விட்டுவிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. 1989 ஜூன் 30 அன்று அமெரிக்க அரசு இதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும் அது தீயணைப்புக் கலமாகவே இருந்தது.

அதன் பிறகு என்ன ஆயிற்று?

1990-களில் ஓக்லாந்து நகரம் கலத்தைக் கடற்படையிடமே திருப்பிக் கொடுத்தது. கலிபோர்னியாவின் சூசன் விரிகுடாவில், பணியிலிருந்து விலக்கப்பட்ட பழைய கப்பல்களின் கூட்டத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2005-இல் கடற்படை அதனை ஆர்கன்சா மாநிலத்தின் நார்த் லிட்டில் ராக் நகரத்துக்கு வழங்க ஒப்புதல் தந்தது. ஆனால் அந்நகரம் கடலோரத்தில் இல்லை. நாட்டின் உட்பகுதியில், ஆர்கன்சா ஆற்றின் கரையில் உள்ளது. பழுதுபட்ட அடிப்பகுதியைச் சீர்செய்து, கப்பலிலேற்றிப் பனாமாக் கால்வாய் வழியாக நியூ ஆர்லியன்சுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றிலும் ஆர்கன்சா ஆற்றிலும் மேல்நோக்கி இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. பிற கப்பல்களை இழுத்தே வாழ்ந்த கலத்தை இம்முறை வேறொரு கலம் இழுத்துச் சென்றது. 2015 நவம்பரில் ஹோகா அங்கே வந்து சேர்ந்தது.

ஓர் ஆற்றங்கரை அருங்காட்சியகத்தில் ஹோகாவை வைப்பது பொருத்தமா?

ஓக்லாந்திலேயோ ஹவாயிலேயோ இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் ஏக்கம் நியாயமானதுதான். ஆயினும் ஆர்கன்சா உள்நாட்டு நீர்வழி அருங்காட்சியகத்தில் அதன் பக்கத்தில் நிற்பது ரேசர்பேக் என்ற நீர்மூழ்கிக் கப்பல். 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது அங்கே இருந்த கப்பல்களுள் அதுவும் ஒன்று. பின்னர் துருக்கிக் கடற்படையில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு 2004-இல் ஆர்கன்சாவுக்கு வந்தது. அமெரிக்காவுக்குப் போர் தொடங்கிய நாளைக் கண்ட கலமும் முடிந்த நாளைக் கண்ட கலமும் ஒரே கரையில் நிற்பதால், எனக்கு அந்த இடம் பொருத்தமாகவே படுகிறது.

அன்று துறைமுகத்தில் இருந்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை எவை?

அரிசோனாவும், அன்று மூழ்கிய யூட்டா என்ற கப்பலும் மூழ்கிய இடத்திலேயே நீருக்கடியில் இருக்கின்றன. அரிசோனாவின் மேல் எழுப்பப்பட்ட நினைவகம் 1962-இல் திறக்கப்பட்டது. நெவாடாவின் சிதைவை 2020-இல் கடலடியில் கண்டுபிடித்தார்கள். அருகிலிருந்த ஹொனலூலு துறைமுகத்தில் அன்று நின்ற கடலோரக் காவற்படைக் கப்பலான டேனி, பால்டிமோர் நகரில் அருங்காட்சியகமாக வைக்கப்பட்டது. ஹோகாவின் உடன்பிறப்பான நோகோமிஸைக் காப்பாற்றப் பலர் முயன்றும் முடியவில்லை, அது உடைக்கப்பட்டுவிட்டது. பேர்ல் துறைமுகத்துக்குள் அன்று இருந்த அமெரிக்கக் கடற்படைக் கலங்களில் இன்னும் நீரில் மிதந்துகொண்டிருப்பது ஹோகா ஒன்றுதான்.